கிறிஸ்தவ அறவியல் எதைப் படிக்கிறது? தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்தவர்கள் கிறிஸ்தவ அறவியலை ஒரு பாடமாகப் படிக்க வரும்போது முதலில் திகைப்பது ஒன்றில்தான்: இங்கே விடையைவிடக் காரணத்துக்கு மதிப்பெண் அதிகம். திருடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பசியில் உயிர் போகக் கிடப்பவன் அடுத்தவர் களஞ்சியத்திலிருந்து ஒரு படி தானியத்தை எடுத்துக்கொண்டால் அது திருட்டா? 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, அது திருட்டே ஆகாது என்று எழுதினார். பூமியின் விளைச்சல் மனிதர் எல்லோரின் தேவைக்காகவும் தரப்பட்டது. சொத்துரிமை என்பது அதைச் சீராகப் பிரித்துக்கொள்ள மனிதர் செய்த ஏற்பாடு. உயிர் போகும் நிலையில் பொருள் மறுபடி பொதுவாகிவிடுகிறது. இதுதான் அவர் வாதம். அவர் கட்டளையைத் தளர்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தச் செயல் 'திருட்டு' என்ற பெயருக்குள் வருமா என்றுதான் கேட்டார்.

இந்தத் துறையின் பாதி வேலை இதுதான். தீர்ப்புச் சொல்வதற்கு முன், நடந்தது என்ன, அதற்கு என்ன பெயர் என்று முடிவுகட்டுவது. திருச்சபை வரலாற்றின் பெரிய அறச் சண்டைகள் பலவற்றில் இரு தரப்பும் ஒரே கட்டளையைத்தான் ஒப்புக்கொண்டிருந்தன. செயலுக்கு வைத்த பெயரில்தான் பிரிந்தன.

துறையின் எல்லை

மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று விவரிப்பது சமூகவியலின் வேலை. எப்படி நடக்க வேண்டும், ஏன் என்று கேட்பது அறவியல். அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது, கடவுள் இயேசு கிறிஸ்துவில் செய்ததாகத் திருச்சபை நம்புவதையும் கணக்கில் சேர்த்தால் அது கிறிஸ்தவ அறவியல். கத்தோலிக்கக் குருமடங்களில் இதே பாடத்தை அறநெறி இறையியல் என்பார்கள். செராம்பூர் கல்லூரியின் செனட்டோடு இணைந்த புராட்டஸ்டண்ட் இறையியல் கல்லூரிகளில் கிறிஸ்தவ அறவியல் தனிப் பாடம்.

கேள்விகள் மூன்று வகை. நான் என்ன செய்ய வேண்டும்? நான் எப்படிப்பட்ட ஆளாக வேண்டும்? நாங்கள் எப்படிப்பட்ட சமூகமாக வேண்டும்? புதிதாக வருபவர்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள். பவுலின் நிருபங்களைப் படித்தால் மூன்றாவது கேள்விதான் அவரை அதிகம் அலைக்கழித்தது என்பது தெரியும். அவர் எழுதியது பெரும்பாலும் சபைகளுக்கு.

தனித் துறையாக இது உருவானது மெதுவாகத்தான். 6ஆம் நூற்றாண்டிலிருந்து அயர்லாந்துத் துறவிகள் பாவப் பரிகாரக் கையேடுகளை எழுதினார்கள்: இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் அப்பமும் தண்ணீரும் என்று. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் (ஆயர்களின் பேரவை) ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்ய வேண்டும் என்று விதித்தபின், அதைக் கேட்கும் குருவுக்குப் பயிற்சி தேவைப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் திரெந்து சங்கம் குருமடங்களை ஏற்படுத்த, அவற்றுக்கான பாடநூல்கள் பெருகின. புராட்டஸ்டண்ட் பக்கத்தில் ஜெர்மானிய லுத்தரன் அறிஞர் கியோர்க் கலிக்ஸ்டஸ் 1634இல் அறவியலைக் கோட்பாட்டு இறையியலிலிருந்து பிரித்து எழுதினார். இந்தப் பிறப்புக் கதைக்கு ஒரு விளைவு உண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பிறந்த துறை என்பதால், எது பாவம், எவ்வளவு பெரிய பாவம் என்ற கணக்கிலேயே நெடுங்காலம் உழன்றது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருக்களின் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது, அறநெறி இறையியல் திருமறையிலிருந்து இன்னும் அதிகமாக ஊட்டம் பெற வேண்டும் என்று சொல்ல நேர்ந்தது இதனால்தான்.

அடித்தளம்: முதலில் செயல், பிறகு கட்டளை

யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தைத் திறந்தால் கட்டளைகள் முதல் வரியில் தொடங்குவதில்லை. அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்தவர் நானே என்று கடவுள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் "உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" வருகிறது. விடுதலை முந்தியது, கட்டளை விடுதலை பெற்றவர்களுக்கு. ரோமர் நிருபமும் இதே அமைப்பு. கடவுள் செய்ததைப் பதினொரு அதிகாரம் சொல்லிவிட்டு, 12ஆம் அதிகாரத்தை "அப்படியிருக்க, சகோதரரே" என்று தொடங்குகிறார் பவுல். கிறிஸ்தவ அறவியல் முழுவதும் அந்த 'அப்படியிருக்க' என்ற சொல்லுக்குப் பிறகு வருவது என்று சொன்னாலும் தகும்.

இதைத் தவறவிட்டால் இரண்டு பக்கமும் சறுக்கும். நல்லது செய்தால்தான் கடவுள் ஏற்பார் என்று எண்ணினால், அறம் கூலிக்குச் செய்யும் வேலையாகிவிடும். கிருபை கிடைத்தாயிற்று, இனி என்ன செய்தால் என்ன என்று எண்ணினால், ரோமர் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல் கோபத்தோடு மறுக்கும் இடத்தில் போய் நிற்போம்.

மனிதரைப் பற்றிய மூன்று கூற்றுகள் இதற்கடுத்த அடுக்கு. மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் (ஆதியாகமம் 1:27). ஆகவே ஒருவருடைய மதிப்பு அவர் பயன்படும் அளவைப் பொறுத்ததல்ல. மனிதர் விழுந்துபோனவர், ஆகவே தன் நியாயத்தைத் தானே நம்புவதில் எப்போதும் ஒரு ஆபத்து உண்டு. மனிதர் மீட்கப்படக்கூடியவர், ஆகவே எவரையும் அவர் செய்த குற்றத்தோடு முடித்துவிட முடியாது. மூன்றில் ஒன்றை மட்டும் அழுத்தினால் அறவியல் கோணலாகும். மரண தண்டனை பற்றிய விவாதத்தைக் கேளுங்கள். யார் எந்தக் கூற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார் என்று உடனே பிடிபடும்.

நான்கு மூலங்கள், ஒரு தீராத தகராறு

காரணம் காட்டுவதற்கு எங்கிருந்து எடுப்பது? திருமறை, திருச்சபையின் மரபு, அறிவு, அனுபவம் என்று நான்கைச் சொல்வது வழக்கம். ஆங்கிலிக்க இறையியலாளர் ரிச்சர்ட் ஹூக்கர் 16ஆம் நூற்றாண்டில் முதல் மூன்றின் இடத்தை ஒழுங்குபடுத்தினார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் எழுத்தில் நான்கும் வேலை செய்வதை 1960களில் அமெரிக்க இறையியலாளர் ஆல்பர்ட் அவுட்லர் எடுத்துக்காட்டி, அதை நாற்கரம் என்றார். நாற்கரம் என்றதும் நான்கு பக்கமும் சமம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். வெஸ்லிக்குத் திருமறையே முதன்மை. அந்தப் பெயரைச் சூட்டியதற்காக அவுட்லரே பிற்பாடு வருந்தினார்.

தகராறு வரிசையைப் பற்றியது. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளான லுத்தர், கால்வின் வழியில் வந்தவர்கள் திருமறைக்கு மேல் எதையும் வைப்பதில்லை. கத்தோலிக்கர் திருமறையையும் மரபையும் சேர்த்தே வாசிக்கிறார்கள். அதற்கு விளக்கம் சொல்லும் அதிகாரம் திருத்தந்தைக்கும் ஆயர்களுக்கும் உண்டு என்கிறார்கள். கூடவே இயற்கைச் சட்டம் என்ற ஒன்றை வலுவாகப் பிடிக்கிறார்கள். இது இயற்பியல் விதி அல்ல. நல்லதைச் செய்ய வேண்டும், தீயதை விலக்க வேண்டும் என்ற அடிப்படையை எந்த மனித அறிவும் வெளிப்பாட்டின் துணை இல்லாமலே கண்டுகொள்ளும் என்பது அக்வினாஸின் தெளிவு. நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) இல்லாத புறஜாதியாரின், அதாவது யூதர் அல்லாதோரின், இருதயத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது என்று ரோமர் 2:14-15இல் பவுல் சொல்வதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இதனால் ஒரு நடைமுறை லாபம் உண்டு: கிறிஸ்தவர் அல்லாதவரோடும் பொதுவான மொழியில் அறம் பேசலாம். ஒரு நடைமுறை அபாயமும் உண்டு: ஊரில் வழக்கமாக இருப்பதை 'இயற்கை' என்று எண்ணிவிடுவது. அரிஸ்டாட்டில் அடிமைத்தனத்தை அப்படித்தான் இயற்கை என்றார்.

அனுபவம் என்ற நான்காவது மூலத்தில் யாருடைய அனுபவம் என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டில்தான் உரக்கக் கேட்டது. லத்தீன் அமெரிக்காவில் இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரஸ் ஏழைகளின் பக்கத்திலிருந்தும், இந்தியாவில் 1980களில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் தலித்துகளின் பக்கத்திலிருந்தும் அதைக் கேட்டார்கள்.

திருமறையை மூலமாகக் கொள்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அதில் சட்டம் உண்டு, தீர்க்கதரிசனம் உண்டு, பழமொழி உண்டு, உவமை உண்டு, கடிதம் உண்டு. ஒவ்வொன்றும் அறத்தை வேறு விதமாகச் சொல்கிறது. நல்ல சமாரியன் உவமையிலிருந்து போக்குவரத்து விதியைப் போல ஒரு சட்டம் எடுக்க முடியாது. ஆமோஸ் திட்டுவது யாரையோ பற்றி அல்ல, கோதுமைக்கு அளக்கும் மரக்காலைக் குறைத்து, படிக்கல்லைக் கூட்டி விற்ற வியாபாரிகளை (ஆமோஸ் 8:5). மலைப்பிரசங்கத்தை எடுத்தால் மரபே பிளவுபடும். மறு கன்னத்தைக் காட்டு என்பது எல்லோருக்கும் கட்டளையா, துறவிகளுக்கான உயர் அறிவுரையா? இடைக்கால மரபு இரண்டாவதன் பக்கம் சாய்ந்தது. தனி ஆளாக நான் கன்னத்தைக் காட்டலாம், நீதிபதியாக உட்கார்ந்தால் காட்ட முடியாது என்றார் லுத்தர். 1527இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் (குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த சீர்திருத்தக் குழுவினர்) அதை அப்படியே எடுத்துக்கொண்டு வாளைத் தொட மறுத்தார்கள்.

ஒரு சிறுவனின் பொய்

கொள்கையை விட்டு ஒரு வழக்குக்கு வருவோம். இஸ்ரவேலரின் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள் பொய் சொன்னார்கள்: எபிரெயப் பெண்கள் வலுவானவர்கள், நாங்கள் போவதற்குள் பிரசவித்துவிடுகிறார்கள் என்று. கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்கிறது யாத்திராகமம் 1ஆம் அதிகாரம். அப்படியானால் பொய் சொல்லலாமா?

கூடாது என்றார் பழங்காலத் திருச்சபையின் ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் (354–430). பொய்யைப் பற்றித் தனியாக இரண்டு நூல்கள் எழுதியவர் அவர். மருத்துவச்சிகள் பெற்ற பரிசு அவர்கள் இரக்கத்துக்கு. பொய்க்கு அல்ல என்பது அவர் விளக்கம். தீமை இல்லாத நன்மை பயக்குமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்ற குறளை (292) வைத்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமாகவே படும். ஆனால் அவர் தர்க்கத்தில் ஓட்டை தேடுவது எளிதல்ல: ஒருமுறை நல்ல காரியத்துக்காகப் பொய் அனுமதிக்கப்பட்டால், அந்தக் காரியம் நல்லதுதான் என்று தீர்மானிக்கப்போவது பொய் சொல்பவனே. அக்வினாஸ் அகுஸ்தீனை ஒப்புக்கொண்டாலும் எடை போட்டார்: விளையாட்டுப் பொய், உதவிக்கான பொய், கெடுதல் செய்யும் பொய். மூன்றும் தவறு, முதல் இரண்டும் பொதுவாகச் சாவான பாவம் (ஆன்மாவைக் கடவுளிடமிருந்து பிரிக்கும் கனமான பாவம்) அல்ல.

ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் வேறு வழியில் போனார். நாஜிகளின் சிறையில் விசாரணைக்கு ஆளாகியிருந்த காலத்தில் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த உதாரணம் வருகிறது. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஆசிரியர் ஒரு சிறுவனிடம் கேட்கிறார்: உன் அப்பா அடிக்கடி குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறாராமே, உண்மையா? உண்மைதான். ஆனாலும் பையன் இல்லை என்கிறான். சொல் அளவில் அது பொய். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆசிரியருக்கு உரிமை இல்லை என்கிறார் போன்ஹோஃபர். குடும்பத்துக்குள் இருக்க வேண்டியதை வகுப்பறை பிடுங்கப் பார்க்கிறது. அந்தத் தாக்குதலை வேறு விதமாகத் தடுக்க வார்த்தை தெரியாத பையன் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னான். பெரியவனாக இருந்தால் பொய்யும் சொல்லாமல் அப்பாவையும் காட்டிக்கொடுக்காமல் சமாளித்திருப்பான். குற்றம் ஆசிரியருடையது.

பாருங்கள், இங்கே மறுபடியும் பெயர்தான். உண்மையைச் சொல்வது என்றால் என்ன? வாயிலிருந்து வரும் வாக்கியம் நடப்போடு ஒத்துப்போவதா, அல்லது யார் யாரிடம் எந்த உறவில் நின்று பேசுகிறார் என்பதும் அதில் சேருமா? போன்ஹோஃபர் பக்கம் எனக்குச் சாய்வு அதிகம். ஆனால் அகுஸ்தீனின் எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அவரைப் படிப்பவர்கள் எந்தப் பொய்யையும் உறவின் பெயரால் நியாயப்படுத்திவிடுவார்கள்.

சாதி: சமூக வழக்கமா, சமய மறுப்பா?

மூலங்கள் எல்லாம் ஒரே வழக்கில் மோதுவதைப் பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டுத் திருச்சபையை விடச் சிறந்த பாடம் கிடைக்காது.

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, மதம் மாறும் பிராமணர்கள் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவை குல அடையாளங்கள், வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்பது அவர் வாதம். நீண்ட சச்சரவுக்குப் பிறகு 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி, மூடநம்பிக்கை நீக்கப்பட்டால் அவற்றை அனுமதிக்கலாம் என்று ஆணையிட்டார். அதே ஆணையில், குலப் பெருமை உள்ளவர்கள் தாழ்ந்தவர்களை, அதிலும் ஆலயத்துக்குள், இழிவாக நடத்தக் கூடாது என்று வேண்டவும் செய்தார். அந்த வேண்டுகோளைக் கேட்டவர் குறைவு.

புராட்டஸ்டண்ட் பக்கமும் இதே கதை. 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் சபையிலும் பிறகு தஞ்சாவூரிலும் உயர்சாதியாரும் தலித்துகளும் ஆலயத்துக்குள் தனித்தனியே உட்கார்ந்தார்கள். கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் அதை ஐரோப்பாவின் அந்தஸ்து வேறுபாடு போன்ற ஒன்றாகவே பார்க்க முனைந்தார். 1833இல் அதே பதவியிலிருந்த டேனியல் வில்சன் எழுதிய சுற்றுமடல் அதற்கு நேர்மாறு: சாதி வேற்றுமை உறுதியாக, உடனடியாக, இறுதியாக ஒழிய வேண்டும். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சபைகள் உடைந்தன. வெளியேறியவர்களில் பலர் பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் லுத்தரன் மிஷனிடம் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் சாதியைக் குடிமை அமைப்பு என்றார். கட்டாயத்தால் அல்ல, போதனையால் மெல்லக் கரைய வேண்டியது என்றார்.

இரு தரப்பும் என்ன மூலங்களை எடுத்தன என்று பாருங்கள். பொறுத்துக்கொண்டவர்கள் லுத்தரன் மரபில் அடியாஃபோரா என்று வழங்கும் கருத்தை எடுத்தார்கள்: கடவுள் கட்டளையிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை என்ற காரியங்கள். உடை, சடங்கு முறை போன்றவை. அவற்றில் சபைகளுக்குச் சுதந்திரம் உண்டு. எதிர்த்தவர்கள் கலாத்தியர் 3:28ஐ எடுத்தார்கள். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை.

என் கணிப்பில், வழக்கை முடிக்கும் இடம் 3ஆம் அதிகாரம் அல்ல, 2ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதிக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. பந்தியை மட்டும் மாற்றினார். அதையே பவுல் சுவிசேஷத்தின் சத்தியத்தின்படி நடவாமை என்கிறார். அதாவது யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது அடியாஃபோரா பட்டியலில் இல்லை என்று திருமறையே பெயர் வைத்துவிட்டது. இன்னொன்று, லுத்தரன்களின் சொந்த ஆவணமான 1577ஆம் ஆண்டின் இணக்க அறிக்கையின் 10ஆம் பிரிவு, நம்பிக்கையை அறிக்கையிட வேண்டிய நேரத்தில் சாதாரணக் காரியங்களிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறது. இதே தர்க்கத்தை வைத்துத்தான் 1977இல் தார் எஸ் சலாமில் கூடிய லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, தென்னாப்பிரிக்க நிறவெறியை விசுவாசப் பிரச்சினை என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைகள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. அதைச் 'சமூக வழக்கம்' என்று சொல்பவர் தான் 1623இல் நிற்கிறோம் என்று அறிந்திருப்பது நல்லது.

வட்டி

இது சுருக்கமாக. யாத்திராகமம் 22:25 ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்கிறது. 1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்பவருக்கு நற்கருணையும் கிறிஸ்தவ முறையில் நல்லடக்கமும் இல்லை என்றது. 1545இல் கால்வின் ஒரு கடிதத்தில், வாணிபத்துக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி வாங்குவது வேறு என்று பிரித்தார்; ஏழையிடம் வாங்காதே என்பதை நிபந்தனையாக வைத்தார். கொள்கை மாறியதா? கடனின் தன்மை மாறியது. விவசாய ஊரில் கடன் என்பது பசிக்கு வாங்கியது; துறைமுக நகரத்தில் அது முதலீடு. ஆகவே வங்கியில் வைப்புநிதி போடும் கிறிஸ்தவர் பழைய தடையை மீறவில்லை என்று வாதிடலாம். ஆனால் தமிழ்நாடு 2003இல் சட்டம் போட்டுத் தடுத்த கந்துவட்டி பழைய தடைக்குள் அப்படியே விழுகிறது.

ஒரு வழக்கை எப்படி எடுத்து அலசுவது

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு முதியவர். வென்டிலேட்டரில் இருக்கிறார். மீள வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். கருவியை நிறுத்தலாமா என்று குடும்பம் கேட்கிறது.

முதலில் தகவல். 'மீள வழியில்லை' என்றால் மூளைச்சாவா, நினைவிழந்த நிலையா, நுரையீரல் மட்டும் செயலிழந்ததா? மயக்கம் தெளிந்த நேரத்தில் அவர் ஏதாவது சொன்னாரா? செலவு யார் தலையில்? இதைக் கேட்காமல் வசனத்துக்குப் போவது மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை.

அடுத்தது பெயர். கருவியை நிறுத்துவது கொலையா, இயல்பாக வரும் சாவுக்கு வழிவிடுவதா? இங்கே மரபு கைகொடுக்கிறது. 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இறையியலாளர் பிரான்சிஸ்கோ தெ விதோரியா, உயிரைக் காத்துக்கொள்ளும் கடமைக்கு எல்லை உண்டு, உடம்புக்கு நல்லது என்பதற்காக மிக விலையுயர்ந்த உணவையே உண்ண வேண்டிய கட்டாயம் ஒருவருக்கு இல்லை என்றார். அதிலிருந்து வழக்கமான வழி, அசாதாரண வழி என்ற பாகுபாடு வளர்ந்தது. 1957 நவம்பரில் மயக்கவியல் மருத்துவர்களுக்குப் பதிலளித்த திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், வென்டிலேட்டரை இந்தப் பாகுபாட்டில் வைத்தார்: ஆள், இடம், காலம் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ பெரும் சுமையாகாத வழிகளைக் கையாள்வது மட்டுமே கடமை. எது அசாதாரணம் என்பது கருவியைப் பொறுத்ததல்ல. நிமோனியா வந்த இளைஞருக்கு ஐந்து நாள் வென்டிலேட்டர் வழக்கமான வழி. இந்த முதியவருக்கு அல்ல.

வலி நீக்க மார்ஃபின் கொடுத்தால் மூச்சு மந்தமாகி ஆயுள் குறையலாம் என்ற அச்சம் வந்தால், இரட்டை விளைவு என்ற கோட்பாடு உண்டு: ஒரே செயலில் நல்லதும் தீயதும் விளையும்போது அதைச் செய்யலாமா என்று பார்ப்பது. நான்கு சோதனைகள். செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது. தீய விளைவை நாடக் கூடாது. நல்ல விளைவு தீய விளைவின் வழியாக வரக் கூடாது. நல்லதற்கும் தீயதற்கும் தகுந்த விகிதம் இருக்க வேண்டும். மூன்றாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வலி நீங்குவது மருந்தாலா, சாவாலா என்று கேளுங்கள். மருந்தால் என்றால் தேறியது. வலியை நிறுத்த ஆளையே நிறுத்துவது என்றால் தேறவில்லை. கொடுக்கும் அளவு வலிக்கு ஏற்றபடி படிப்படியாகக் கூடுகிறதா, ஒரேயடியாக ஏற்றப்படுகிறதா என்பது நாட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டம் தனி. 2018 மார்ச்சில் இந்திய உச்ச நீதிமன்றம் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. அதனால் அது அறமாகிவிட்டது என்று பொருளில்லை. அனுமதிக்காதிருந்தாலும் அறமற்றது என்று ஆகியிருக்காது.

கடைசியாக, முடிவெடுத்தபின் குடும்பத்தை யார் தாங்குவது? இந்தக் கேள்வியைப் பழைய பாடநூல்கள் கேட்பதில்லை. சரியான முடிவை எடுத்த மகனும் குற்ற உணர்வோடு வீடு திரும்புவான். சபையின் கடமை அங்கே தொடங்குகிறது.

அடிக்கடி நேரும் பிழைகள்

வசனத்தைப் பிடுங்கி வைப்பது முதலாவது. கொலை செய்யாதிருப்பாயாக என்ற ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த கட்டளையை எடுத்துப் போர், தற்காப்பு, கருக்கலைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே அடி அடிப்பது. அடுத்த அதிகாரத்திலேயே மரண தண்டனைகளின் பட்டியல் இருக்கிறது. இரண்டையும் எழுதியவர்களுக்கு அது முரணாகத் தெரியவில்லை. ஏன் என்று கேட்டால்தான் படிப்பு. (எண்ணிலும் குழப்பம் வரும்: இது கத்தோலிக்கருக்கும் லுத்தரன்களுக்கும் ஐந்தாம் கட்டளை, தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) போன்ற சபைகளுக்கு ஆறாவது. கட்டுரை எழுதும்போது வசன எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.)

மனச்சாட்சியைப் பற்றிய குழப்பம் இரண்டாவது. மனச்சாட்சிக்கு விரோதமாக நடக்கக் கூடாது. தவறான மனச்சாட்சியும் கட்டுப்படுத்தும் என்று அக்வினாஸே சொல்கிறார். ஆனால் அது தவறவே தவறாது என்று அவர் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தது யார் குற்றம் என்று அடுத்த வரியில் கேட்பார். 'என் மனச்சாட்சி உறுத்தவில்லை' என்பது விவாதத்தின் தொடக்கம்.

மூன்றாவது, அறத்தைக் குடி, சினிமா, படுக்கையறை என்று சுருக்கிக்கொள்வது. நம் ஊர்ப் பிரசங்க மேடைகளில் இதுதான் மிகப் பெரிய பிழை என்பேன். 1891இலேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளரின் கூலியைப் பற்றிச் சுற்றுமடல் எழுதிவிட்டார். தனி ஆளாக நல்லவர்களாக இருப்பவர்கள் கூட்டமாகச் சேரும்போது ஏன் தன்னலம் கூடுகிறது என்று 1932இல் அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபூர் அலசினார். கூலியைப் பிடித்துக்கொள்வதைப் பற்றி யாக்கோபு 5:4இல் இருக்கும் கடுமை, குடியைப் பற்றிய எந்த வசனத்துக்கும் குறைந்ததல்ல.

எங்கிருந்து தொடங்குவது

பெரிய நூல்களுக்குப் போவதற்கு முன் மூலத்திலேயே சில பகுதிகளை ஒரு நோட்டுப்புத்தகத்தோடு படியுங்கள். யாத்திராகமம் 20 முதல் 23 வரை, ஆமோஸ் முழுவதும், மத்தேயு 5 முதல் 7 வரை, ரோமர் 12 முதல் 15 வரை. பிறகு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை. விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்குப் பவுல் மூன்று அதிகாரம் எடுத்துக்கொள்கிறார்: உனக்கு உரிமை உண்டு, ஆனால் உன் உரிமை இன்னொருவனுக்கு இடறலானால் என்ன என்று திரும்பத் திரும்ப வருகிறார். பொங்கல் வீட்டிலிருந்து வரும் பிரசாதத்தை வாங்குவதா என்று திணறும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது பழைய காலத்துப் பிரச்சினையே அல்ல.

முதல் பயிற்சிக்கு பிலேமோன் நிருபத்தை எடுங்கள். மொத்தம் 25 வசனங்கள். ஓர் அடிமையை அவன் எஜமானிடம் திருப்பி அனுப்பும் கடிதம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றவர்களும் இதைத்தான் காட்டினார்கள். அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்றவர்களும் 16ஆம் வசனத்தின் 'பிரியமுள்ள சகோதரன்' என்பதைக் காட்டினார்கள். பவுல் உண்மையில் எதைக் கட்டளையிடுகிறார், எதைக் கேட்டுக்கொள்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். 22ஆம் வசனத்தில், தான் வந்து தங்க ஓர் அறையைத் தயார் செய்யச் சொல்கிறார். அதை மூன்றில் எந்தப் பத்தியில் போடுவீர்கள் என்று யோசித்து, காரணத்தோடு எழுதுங்கள்.